ஒரு பெருக்கல் கம்மி

இல்லம்மா, அந்தப் பெட்டி கெடக்கட்டும், நானே கீழ வரைக்கும் தூக்கிட்டு வரேன். மொதல்ல உக்காருங்க. உங்க பொண்ணு சாமான்னு பெருசா ஒண்ணும் இல்ல. நாலு நோட்டு, ஒரு ஸ்வெட்டர், அவ்ளோதான்.

இங்க நாங்க பாக்கறது என்ன வேலையா? வீட்ல சொன்னதே இல்லையா? அதுசரி, சொன்னா யாருக்குப் புரியும். கட்டம் போட்டு உள்ள எண்ண எழுதினா அதுக்கு மேட்ரிக்ஸ்னு பேரு. அப்படி ரெண்டப் பெருக்கணும். ரெண்டுக்கு ரெண்டு கட்டம்னா சாதாரணமா எட்டுப் பெருக்கல் வேணும். ஏழுலயே முடிக்க ஒரு வழி இருக்கு. இப்படி ஒவ்வொரு அளவுக்கும் இருக்கறதுலயே கம்மியான வழி எதுன்னு பட்டியல் போடறேன், பதினோரு வருஷமா. சின்ன வழிங்கள ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகினா பெரிய கட்டத்துக்கும் வழி கெடச்சிரும். நாலுக்கு நாலா? ஏழுக்குள்ள இன்னொரு ஏழு, நாப்பத்தொம்போது. சும்மா பண்ணா அறுவத்துநாலு.

ஆமா, சிரிக்காதீங்க, இதுக்கும் சம்பளம் தராங்க.

அதுல ஒரு அளவுக் கட்டத்துக்கு உங்க பொண்ணு எல்லாரையும் விட ஒரு பெருக்கல் கம்மியா கொண்டுவந்தா. ஒண்ணுதானேன்னு நெனைக்காதீங்க. அத உள்ள வெச்சு அறுவத்துமூணு பெரிய வழி கட்டினோம். ஆள் தரையில நிக்கல. ஓ, உங்களுக்கும் போன் பண்ணாளா? அன்னிக்கேதான்.

அப்புறம் வெளியூர்க்காரர் ஒருத்தர் போட்டுப் பாத்துட்டு, விடை தப்பா வருதேன்னு எழுதினார். அறுவத்துமூணும் ஒரே நாள்ல சரிஞ்சிது. டைரக்டர் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் அவளக் கிழிகிழின்னு கிழிச்சிட்டார். நான் எழுதினது சரிதான் சார், நோட்டக் காட்டட்டுமான்னு ஒரே ஒரு தடவ கேட்டா. என்னப் பாத்துக் கேட்டா. நான் குனிஞ்சு எதையோ புரட்டிட்டு இருந்தேன்.

ம்? இப்ப யார்கிட்டயும் பேசறதே இல்லையா? சாப்பாடு... சரி, விடுங்க. அழாதீங்கம்மா.

இல்ல, நான் அவளத் திட்டல. அவளுக்காக ஒரு வார்த்த சொல்லல. அதான்.

இந்தப் பச்ச நோட்ட மட்டும் பத்திரமா குடுத்துருங்க. நாப்பத்திரெண்டாம் பக்கம் மடிச்சு வெச்சிருக்கேன். அதுல இருக்கறது சரிதாம்மா. பட்டியல்ல ஏத்தறப்ப ஒரு மைனஸ நான்தான் விட்டுட்டேன். கம்ப்யூட்டர்ல ஓட்டிச் சரிபாக்க வேண்டியதும் நான்தான். பாக்கல. அவ வேலைய விட்டுப் போன மறுவாரம் இந்த நோட்டப் பிரிச்சப்பதான் தெரிஞ்சுது.

டைரக்டர்கிட்டயா? எட்டு மாசமா சொல்லணும்னுதாம்மா இருக்கேன்.