ரெண்டு மாசம் பேசுகிறார்

"ஹலோ... ஹலோ, யாருங்க?... சரியா கேக்கல, கொஞ்சம் சத்தமா... ஆமா, நான்தான்... எந்த ஆபீஸ்?... ஐயையோ, சார்! நீங்களா!"

கூடத்துத் தரையில் பலகையைக் கிடத்தி எழுதிக்கொண்டிருந்த பெயின்டர் தலையைத் தூக்கினான். மனைவி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தாள்: ரெண்டு மாசம்.

ஊரே அவருக்கு வைத்த பெயர் அது. நகராட்சித் தலைவர் திடீரென்று செத்துப்போனபோது, அவருக்கு உதவியாளராக இருந்த இந்த மனிதர் "ரெண்டே மாசம், தேர்தல் வந்ததும் எழுந்துவிடுகிறேன்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு வருஷம் ஆகிவிட்டது. முதலில் மழை என்றார். அப்புறம் வாக்காளர் பட்டியலில் பிழை என்றார். இப்போது காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். குழாயில் தண்ணீர் வராவிட்டால், உனக்கா ஓட்டுப் போட்டேன் என்று சண்டை பிடிக்கக்கூட ஜனங்களுக்கு வழியில்லை, ஏனென்றால் யாருமே போடவில்லை. நாளைக் காலை நகராட்சி அலுவலகத்துக்கு ஊர்வலம். 'தேர்தல் நடத்து' என்று பெயின்டர் எழுதிய மூன்று பலகைகள் சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தன. நான்காவதுதான் தரையில் கிடந்தது.

"நல்லா இருக்கேன் சார்... பொண்ணா? வெளியூர்ல படிக்கிறா... ஆமா, ஆமா, அவரும் நல்லா இருக்காரு... இங்கதான்... என்னமோ எழுதிக்கிட்டு இருக்காரு."

என்னமோவாம். பெயின்டருக்குச் சுருக்கென்றது. முழ உயரத்துக்குச் சிவப்பில் எழுதிக்கொண்டிருக்கிறவனைப் பற்றி அந்த ஆளிடம் இப்படிச் சொல்ல இவளுக்கு எப்படி வாய் வந்தது? போனை வை என்று கையால் காட்டினான். அவள் பார்க்காதது போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அதே அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். எதிர் மேஜையில் இந்த ஆள், அப்போது வெறும் கிளார்க். மழை வந்தால் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வருவாராம். அவளே ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னது. அன்றிலிருந்து பெயின்டருக்குக் குடை என்றாலே ஆகாது. இந்த ஆள் நாற்காலியை விட்டு இறங்கவேண்டும் என்று ஊரில் முதன்முதலாகக் கத்தியவனும் பெயின்டர்தான். தண்ணீருக்காகக் கத்துகிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க சார்... ம்... அவ்வளவு பேரா?... வாசல்லயே உக்காந்துட்டாங்களா?... அப்ப நீங்க வெளியவே போகலியா?... அடப்பாவமே. சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டீங்களாவாம்! இன்று அந்த வாசலில்தான் வெயிலில் நின்று கத்திவிட்டு வந்தான் பெயின்டர். வந்தவனிடம் இவள், மூடி வச்சிருக்கு, போட்டுக்கோங்க என்று சொன்னதோடு சரி.

"கமிஷனர் என்ன சொல்றாரு?... போலீஸா? எதுக்கு சார் போலீஸ்?... இருங்க, இருங்க... ஒண்ணு தேர்தல் தேதியைச் சொல்லணும், இல்லேன்னா போலீஸைக் கூப்பிடணும், அதானே?... சரி, அதைப் போய் என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?... ஏன், உங்களைச் சுத்தி ஒருத்தர்கூடவா உண்மையைச் சொல்ல மாட்டாங்க?"

போலீஸ் வந்தால் முதல் வரிசையில் பலகையோடு நின்று அடி வாங்கப்போகிறவன் பெயின்டர். அந்தப் பயம் அவன் பக்கமே வரவில்லை. ஊரில் இத்தனை ஜனம் இருக்க, உண்மையைக் கேட்க இந்த ஆளுக்கு இவள்தான் கிடைத்தாளா? நாலு வருஷமாக யாரையும் எதையும் கேட்காதவருக்கு, இவளை மட்டும் கேட்கத் தோன்றுகிறதா? எதன்மேலாவது சாய்ந்தால் தேவலை போலிருந்தது. சாய்ந்தான். சாய்ந்தது காயாத பலகையில்.

"வெளிப்படையா சொல்லவா? கோவப்படக் கூடாது... தேர்தல் வச்சா தோத்துப்போவீங்க... ஆமா, ஆமா, சந்தேகமே வேணாம். உங்க தெருவுலகூட ஓட்டு விழாது... சிரிக்கறீங்களா?... சிரிங்க, சிரிங்க."

பெயின்டருக்கு உச்சி குளிர்ந்தது. அப்படிப் போடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் அடுத்த பேச்சில் 'சார்' காணாமல் போயிருந்தது.

"இல்ல, கெட்டவர்னு யாரு சொன்னா?... நான் சொல்லலியே... அந்த முதல் மழையில விடிய விடிய முழங்கால் தண்ணியில நின்னு பம்ப் ஓட வச்சீங்க. ஊரே பாத்துச்சு... அப்ப மட்டும் தேர்தல் வச்சிருந்தா எதிர்த்து நிக்க ஆளே கிடைச்சிருக்காது... நானா? போட்டிருப்பேன்... நிஜமாத்தான்... எங்க வீட்டுக்காரரும் போட்டிருப்பாரு."

பெயின்டர் பலமாகத் தலையாட்டி மறுத்தான். அதைப் பார்க்கத்தான் யாருமில்லை.

"அப்ப ஏன் வைக்கல?... தோத்துட்டா என்ன பண்றதுன்னா?... அதான்! அதான் உங்க குணம். இல்லைங்கிற ஒரு வார்த்தை உங்க காதுல விழுந்துடக் கூடாது. அதுக்காகக் கேக்கவே மாட்டீங்க... எதைன்னா? எல்லாத்தையும்தான்... வேணாம், விடுங்க... எத்தனை வருஷம் ஆச்சு, இப்ப எதுக்கு அது?..."

எப்போதும் நின்றுகொண்டே போன் பேசுகிறவள், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. பெயின்டர் காதைத் தீட்டினான்.

"ஞாபகம் இல்லாம என்ன?... பஸ் வர்ற வரைக்கும் நிப்பீங்க. இன்னிக்குச் சொல்லிடுவாரு, இன்னிக்குச் சொல்லிடுவாருன்னு நானும் நிப்பேன். பஸ் வந்துடும்... ஆமா... கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்... ஆமா... ஹலோ?... ஹலோ, இருக்கீங்களா?"

அந்தப் பக்கம் என்ன ஆயிற்றோ தெரியாது. இந்தப் பக்கம் பெயின்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டான். இத்தனை காலம் அவன் பொறாமைப்பட்டதெல்லாம் ஒரு குடையைப் பார்த்து. குடைக்கு அடியில் நின்றவளும் காத்துக்கொண்டு நின்றாள் என்பது அவனுக்குத் தெரியாது. எழுந்து போய் அந்த வயரைப் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தே இருந்தான்.

"என்ன, மூக்கை உறிஞ்சறீங்க?... ஜலதோஷமா? சரி, ஜலதோஷம்னே வச்சிக்குவோம்... எனக்கென்ன குறை? நல்லாத்தான் இருக்கேன்... நல்ல மனுஷன், கை சுத்தம், வாய்தான் நீளம்... அவரா? அவரும் கேக்கலதான். எங்கப்பாவும் அவரோட அண்ணனும் பேசினாங்க, முடிஞ்சுது... இல்ல... இன்னி வரைக்கும் கேட்டதில்ல."

நாலு வருஷம் உட்கார்ந்த ஆளை இறங்கு இறங்கு என்று கத்திவிட்டு வந்திருந்தான் பெயின்டர். இந்த வீட்டில் தான் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறோம் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கட்டிக்கிறியா என்று அன்றைக்கும் கேட்கவில்லை, என்னைப் பிடித்திருக்கிறதா என்று அப்புறமும் கேட்கவில்லை. அவள் இருந்தாள். அதனால் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டான்.

"இங்க பாருங்க. இப்ப கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டுமே, கேளுங்க... தோத்தா வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க, ஒண்ணும் செத்துட மாட்டீங்க... போலீஸ் கீலீஸெல்லாம் வேணாம். எங்க வீட்டுக்காரர் முன்னாடிதான் நிப்பாரு, அவர் மேல ஒரு அடி விழுந்துச்சு, அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்... ஆமா, அந்தச் சத்தமா கத்தறவரேதான்... காலையில வெளிய வந்து தேதியைச் சொல்லிடுங்க... சொல்லுவீங்களா?... நிச்சயமா?... சத்தியமா?... சரி. சரி, அப்ப வச்சிடறேன்... என்ன?"

அவள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டாள். பிறகு சுவரை விட்டுத் திரும்பி, இதுவரை இல்லாத மாதிரி, பெயின்டரை நேராகப் பார்த்தாள்.

"அவரு இப்பக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்னா?... அதை உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? அவரு கேட்டா அவர்கிட்டச் சொல்லிக்கறேன்... வைங்க, போனை வைங்க."

ரிசீவரை வைத்துவிட்டாள். முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பார்வையையும் எடுக்கவில்லை.

பெயின்டர் வாயைத் திறந்தான். இல்லை என்று சொல்லிவிட்டால்? திறந்த வாயை மூடிக்கொண்டு, குனிந்து, முதுகில் ஒட்டிய பெயின்டைத் துடைக்கத் தின்னர் டப்பாவைத் தேட ஆரம்பித்தான்.