விலாவில் இருக்கும் புண்

பெயர் பொன்னழகு, வயது 15, தகப்பனார் பெயர் கண்ணுசாமி, நிலக்கோட்டை தாலுகா. 1959ஆம் வருஷம் மாசி மாதம் போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்ததில் சொன்னது:

நான் பெற்றோருடன் வசிக்கிறேன். எங்களுக்கு மல்லிகைத் தோட்டம் உண்டு. போன வாரம் வரை உயர்நிலைப் பள்ளியில் நாலாவது பாரம் படித்தேன். டிரில் மாஸ்டர் ஸ்தனிஸ்லாஸ் அவர்களை எனக்குத் தெரியும்.

தை மாதத்தில் அவர் மைதானத்தில், துணியில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது, துணியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் உருள வேண்டும் என்று செய்து காட்டினார். பையன்கள் உருண்டு பழகினார்கள். பெண்பிள்ளைகளையும் கூப்பிட்டபோது என் பக்கத்தில் நின்ற சொர்ணலட்சுமி, "உருண்டா பாவாடை நிக்குமா சார்?" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவர், "சரி, பாத்தாச்சும் வைங்க" என்று விட்டுவிட்டார். நான் பார்க்கவும் இல்லை. தலையைக் குனிந்திருந்தேன்.

அதன் பிறகு போன வியாழக்கிழமை சயன்ஸ் வகுப்பில் ஸ்பிரிட் விளக்கிலிருந்து என் தாவணித் தலைப்பில் தீப்பிடித்து, நான் வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே வந்த மாஸ்டர், "ஓடாத புள்ள, தாவணிய விடு" என்று சத்தம் போட்டார். பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தபடியால் நான் இரண்டு கையாலும் தாவணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தொடாதீங்க சார்" என்று கத்தினேன். எல்லாரும் கேட்டதாகச் சொல்வது அந்தச் சத்தம்தான். அதன் பிறகு அவர் தாவணியைப் பிடுங்கி எறிந்து, என்னைத் தரையில் தள்ளி உருட்டி, ரவிக்கையில் பற்றிய தீயை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். நான் விட்டிருந்தால் அவர் கை அவ்வளவு வெந்திருக்காது.

அதன் பிறகு முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்ததில் சாக்பீஸ்தான் இருந்தது. ஆகவே தீப்புண்ணுக்கென்று அவர் கையில் பேனா மையை ஊற்றினார்கள். அவர் என்னிடம், "ஒனக்கு எங்கயும் பட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

சாயங்காலம் கடைத்தெருவில் பேச்சு வேறுவிதமாகிவிட்டது. என் அப்பா, "மேலுல தீ பட்டுச்சா, படலையா? அத மட்டும் சொல்லு" என்றார். கருகிய ரவிக்கையை அதற்கு முன்பே அடுப்பில் போட்டிருந்தேன். படவில்லை என்றேன். அதை நம்பித்தான், தலைப்பில் பட்ட தீயைச் சாக்கிட்டு மாஸ்டர் என்மேல் கை வைத்தார் என்று மனுக் கொடுத்தார். என் படிப்பையும் நிறுத்திவிட்டார்.

பட்டது உண்மை. இடது விலாவில் புண் இருக்கிறது. நேற்று அது சீழ் வைத்துக் காய்ச்சல் வந்ததால் அம்மாவிடம் மட்டும் காட்டினேன். இன்று காலை திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் நர்சம்மா குர்ஷித் பேகம் பார்த்தார். "எப்படிம்மா பொறுத்துக்கிட்டு இருந்த?" என்று கேட்டார்.

ஸ்டேஷனுக்குள் வரும்போது மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைக்கட்டுக்கு வெளியே தெரிந்த நகங்களில் மை இருந்தது. முகத்தை நான் பார்க்கவில்லை.

அப்பா வாசலில் நிற்கிறார். காய்ச்சலுக்கு மருந்து வாங்கியதாகத்தான் அவருக்குத் தெரியும். இதை அவருக்குப் படித்துக் காட்டும்போது என்னை உள்ளேயே இருக்க விட வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை.

(ஒப்பம்) க. பொன்னழகு