மேக்ஸ்னா நாப்பது

...அதான் கேக்கறேன், உலகத்துல வேற பேரே கெடைக்கலையாம்மா உங்களுக்கு? காலைலேர்ந்து பஸ் கம்பெனிக்காரன் போன் பண்ணி உயிர எடுக்கறான். ஒரு டிக்கெட் புக் ஆகல. நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடிட்டிருந்த ப்ரோக்ராம். நீங்க கை வெச்சீங்க, படுத்துடுச்சு.

உக்காருங்க. நான் ஒண்ணும் திட்டலையே, சொல்லித்தானே தரேன்... மேக்ஸ்ங்கறது இந்த ப்ரோக்ராம் மொழியிலயே இருக்கற சொல்லு. நாலு எண்ணக் குடுத்தா எது பெருசுன்னு சொல்லும். அதப் போயி பஸ்ல எத்தன சீட்டுங்கறதுக்குப் பேரா வெச்சிட்டீங்க. இப்ப மேக்ஸ்னா நாப்பது. கீழ ஒரு எடத்துல அதக் கூப்ட்டு, எது பெருசுன்னு கேட்டா நாப்பது என்னத்தச் சொல்லும்? பேந்தப் பேந்த முழிக்குது.

எங்க வீட்லயும் இதே கூத்துதான். அக்கா பையன செல்லமா தாத்தான்னு கூப்ட்டுப் பழக்கிட்டாங்க. பெரிய மனுஷன் மாதிரி பேசறானாம். இப்ப "தாத்தா, மாத்திரை போட வாங்க"ன்னா அந்த வாண்டு ஓடி வந்து ஆன்னு வாயத் தொறக்குது. எங்கப்பா தேமேன்னு உள்ள உக்காந்திருக்காரு. அவருக்கு சுகர் வேற... சரி, அத விடுங்க.

நீங்க முதல்ல வெச்சிருந்த பேரு இன்னும் மோசம். பஸ்ல உள்ள மொத்த சீட் எண்ணிக்கைன்னு நீட்டி முழக்கி. நான்தான் வெட்டச் சொன்னேன். ஆமா, இல்லங்கல. நீளமா பேரு வெச்சா எனக்குப் பத்திக்கிட்டு வரும், ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். மேக்ஸ்னு வைங்கன்னும் நான்தான் சொன்னேன்... அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. சொன்னா அப்படியே செஞ்சிடறதா? படிச்ச புள்ள, யோசிக்க வேணாமா?

சாயங்காலம் மேனேஜர் கேப்பாரு, இந்தப் பொண்ண வேலைல நிரந்தரம் பண்ணிடலாமான்னு. நான் என்னத்தச் சொல்ல? எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வேலைன்னு வந்துட்டா நான் மொகத்தாட்சண்யம் பாக்கறதில்ல.

நகருங்க, நானே சரி பண்றேன். பாத்துக் கத்துக்கங்க. இந்த மேக்ஸ எடுத்துட்டு... சம். எவ்ளோ சின்னதா, லட்சணமா இருக்கு பாருங்க. என்ன, என்னமோ சொல்ல வரீங்க? அப்பறம் சொல்லுங்க, கவனம் செதறுது. ம்... சர்வர்ல ஏத்தியாச்சு. இனிமே கம்பெனிக்காரன் ஜம்முனு டிக்கெட் விப்பான்.

என்ன இது, மறுபடியும் செவப்பா எரர் வருது? எந்த வரி? பயணிங்க எத்தன பேருன்னு கூட்டற எடமா... கூட்டறதுக்கு இந்த மொழி வெச்சிருக்கற சொல்லு... அட, சம். இதத்தான் சொல்ல வந்தீங்களா? அப்ப வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானேம்மா.

போன் அடிக்குது. அவன்தான், எடுக்காதீங்க. அங்க மேனேஜர் வேற எந்திரிச்சு இந்தப் பக்கமா வர்றாரு... உக்காருங்கம்மா, எங்க போறீங்க? உங்கள நிரந்தரம் பண்ணச் சொல்லிடறேன், சத்தியமா. அவரு கேட்டா... நீங்களும் என்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க.