கோடு போடும் தலைவர்

— கீழ எதுக்கு ஆட்டோவை நிக்க வச்சிருக்கீங்க விஜயராணி? அனுப்பிடுங்க. காபி குடிச்சிட்டுப் போகலாம். சங்கத்துப் பேச்சு மட்டும் வேணாம்.

— ஆட்டோ நிக்கட்டும் தர்மராஜண்ணே. ஸ்ரீரங்கத்துலேர்ந்து காட்டூருக்கு வேற எதுக்கு வருவேன்? நாளைக்குப் பொதுக்குழு. தலைவர்னு ஒருத்தர் இல்லாத சங்கத்தை மாநிலப் போட்டிக்கு எடுத்துக்க மாட்டாங்களாம். நம்ம பொண்ணுங்க வீட்டுல உக்கார வேண்டியதுதான்.

— அதான் நசுருதீன் பாய் இருக்காரே.

— எங்க இருக்கார்? நாற்காலியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டிருக்கீங்களேன்னு அவரை எல்லார் முன்னாடியும் கேட்டது யாரு? அன்னைக்கே எழுந்து போயிட்டார்.

— நான்தான் கேட்டேன். கொஞ்சம் பதமா கேட்டிருக்கலாம். சரி, வேற ஆளா இல்ல?

— வருஷா வருஷம் கையைத் தட்டி பாயையே தலைவராக்கிட்டு, பிரியாணி சாப்பிட்டுக் கலைஞ்சோம். அவருக்கு அப்புறம் யாருன்னு ஒருத்தராவது யோசிச்சோமா? சம்பளமில்லாத வேலை, திட்டு மட்டும் உண்டு. இப்பக் கூப்பிட்டா எவரும் போனையே எடுக்கல. செயலாளர்னு நான் ஒருத்திதான் மிச்சம்.

— அப்ப நீங்களே ஆயிடுங்க.

— எனக்குக் கோடு நேரா வராது அண்ணே.

— அது சரி. மத்த ஊர்ல தலைவருங்க மாலைக்குத்தான் குனிவாங்க. நம்ம பூப்பந்துச் சங்கத்துலதான் தலைவரே கயிறு புடிச்சு, குனிஞ்சு சுண்ணாம்புக் கோடு போடணும். அந்தக் கோட்டுலதான் முதல் மேட்ச்.

— இப்பக் கோடெல்லாம் அழிஞ்சு கிடக்கு. பொண்ணுங்க செருப்பைக் கழட்டி மூலைக்கு மூலை வச்சு ஆடுதுங்க.

— செருப்பை வச்சா? பிராக்டீஸை நிறுத்தலயா?

— ஒரு நாள்கூட நிறுத்தல.

— நம்ம பொண்ணுங்கல்ல. நிறுத்தாதுங்க.

— அதுங்களுக்காக வாங்கண்ணே.

— வரேன்னே வைங்க. முதல் வேலையா பாய் மக ஹஃப்ஸாவை டீம்லேர்ந்து எடுப்பேன். சம்மதமா?

— எடுங்க.

— என்னங்க இவ்வளவு லேசா சொல்றீங்க? அவதானே கேப்டன். முட்டி வீங்கியிருக்கு, இந்த சீசன் ஆடினா அப்புறம் ஆடவே முடியாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நான் என் பொண்ணுக்கு எடம் பிடிக்கறேன்னு பழி சொல்லிட்டார் பாய். அந்தப் பேச்சு தாங்காமதான் நானும் வாயை விட்டேன். அவளை எடுத்தா பாய் சும்மா இருப்பாரா?

— இருப்பார். நேத்தே பேசி ஒத்துக்க வச்சாச்சு.

— யாரு பேசினது? பாயைப் பேசி மடக்க இந்தத் திருச்சியில ஆளே கிடையாதே.

— இருக்கு. உங்க பேரைச் சொன்னதும் அந்த ஆளுதான். நானும் பொண்ணுங்களும் முழிச்சுக்கிட்டு இருந்தப்ப, தர்மராஜ் சாரை விட்டா வேற யாரும் வேணாம்னு அடிச்சுச் சொல்லிடுச்சு.

— என்னையா? யாருங்க அது?

— ஹஃப்ஸாதான் அண்ணே. கோடு போடற கயித்தை மடியில வச்சுக்கிட்டு கீழ ஆட்டோவுல உக்காந்திருக்கா. தலைவர் கையிலதான் கொடுப்பாளாம். உங்க மாடிப்படி ஏற முட்டி விடல.