ஆறாம் பிரஸ்ஸில் வைத்த பொட்டு

சந்தனத்தைக் கெட்டியாக அரைக்க வேண்டும். தண்ணீர் ஒரு துளி மிகுந்தாலும் இரும்பில் நிற்காமல் வழிந்துவிடும். கண்ணாடியில் சொல்லவே வேண்டாம். வல்லக்கோட்டையில் நான் குடியிருக்கும் அறையில் என் தந்தை விட்டுச்சென்ற சந்தனக்கல் ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் பதிகம் ஒன்றைப் பாடிக்கொண்டே அரைப்பேன். பாட்டு முடியும்போது பதமும் வந்துவிடும். அந்த அறையில் என் குரலைக் கேட்கச் சுவரைத் தவிர யாரும் இல்லை.

நீங்கள் கேட்டது வேறு, இன்ஸ்பெக்டர் ஐயா. மாசானம் இறந்தது கார்த்திகையில். அவனுக்கான இரங்கல் உரை என் கணினியில் ஆடி மாதமே தொடங்கப்பட்டிருக்கிறதே, எப்படி என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முறையாகச் சொல்கிறேன்.

பத்தொன்பது ஆண்டுகள் ஒரு வார இதழில் திரைப்பட விமரிசனம் எழுதினேன். பழைய செய்யுளில் ஊறியவனுக்குக் கொட்டகையில் என்ன வேலை என்று சிலர் கேட்டதுண்டு. என் அளவுகோலே அங்கிருந்து வந்ததுதான். பிரிந்தவள் அழுதாள் என்று பழம்புலவன் சொல்வதில்லை. அவள் கைவளை நழுவியதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். அந்த அடக்கம் இல்லாத படங்களை நான் இரக்கமின்றி எழுதினேன். ஓர் இளைஞர் எடுத்த முதல் படத்தை, 'இதில் வரும் சாவு எந்தப் படத்திலும் வரலாம்' என்ற ஒரு வரியில் முடித்துவைத்தேன். அவர் அடுத்த படம் எடுக்கவில்லை. விமரிசனம் சரியாகத்தான் இருந்தது.

இதழ் நின்றுபோயிற்று. அப்போதுதான் ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்குத் தகடு அழுத்தும் ஆலையை நடத்தும் தணிகாசலம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "மிஷின்கிட்ட நான் நல்லா பேசுவேன் சார். மனுசன் முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்கும். நீங்க எழுதிக் குடுங்க, நான் படிச்சிடறேன்" என்றார். ஆண்டு விழா, பொங்கல், பாதுகாப்பு நாள் என்று எல்லாவற்றுக்கும் எழுதினேன். அவர் படிப்பார், அறுநூறு பேர் கைதட்டுவார்கள். நான் தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில் சுவரோரம் நிற்பேன். மூன்று ஆண்டுகளில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

திரும்பிப் பார்த்த முதல் ஆள் மாசானம். திசையன்விளைப் பக்கத்துப் பையன், இருபத்தேழு வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்தான். தகடு அழுத்தும் ஆறாம் பிரஸ்ஸில் வேலை. ஓர் ஆண்டு விழா முடிந்ததும் நேரே என்னிடம் வந்தான்.

"சார், மொதலாளி படிச்சது ஒங்க எழுத்துதான?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"மழ பெஞ்சுதுன்னு எழுத மாட்டிய. வாசல்ல கெடக்க ஈரச் செருப்பத்தான் எழுதுவிய. எங்கூரு சலூன்ல வாராவாரம் ஒங்க பக்கத்தக் கிழிச்சது நான்தான் சார். பாதி செரச்ச மொகத்தோட ஓட விட்ருக்காரு கடைக்காரரு."

அன்று வீடு திரும்பும் பேருந்தில் இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அதன்பின் ஒவ்வோர் உரைக்கும் அவன் தீர்ப்புச் சொன்னான். கூட்டங்களில் இரண்டாம் வரிசையில், இடது ஓரம் உட்காருவான். நல்ல வரி வந்தால் என் பக்கம் திரும்பித் தலையை ஒருமுறை அசைப்பான். அந்த அசைவுக்காகவே எழுதினேன் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனியில் கேன்டீனில் வேலை செய்த தாயாரம்மாள் நோயில் இறந்தார். என் முதல் இரங்கல் உரை அது. அவன் தலை அசையவில்லை. மதியம் சாப்பாட்டுத் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"கோவிச்சுக்காதிய சார். 'இந்தச் சாவு எந்தப் படத்துலயும் வரலாம்'னு நீங்கதான எழுதுனிய? இதுவும் அப்படித்தான் கெடக்கு. அந்தம்மா பேர எடுத்துட்டு எம்பேரப் போட்டுப் பாருங்க. அப்படியே நிக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது சரி.

ஆகவே அவன் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அதுதான் நீங்கள் கண்டெடுத்த ஆடி மாதக் கோப்பு. வேறு யாருக்கும் பொருந்தாத ஓர் இரங்கல் உரையை எழுத வேண்டுமானால் ஒரு மனிதனை முழுதாக அறிய வேண்டும். நான் அறிந்திருந்த ஒரே மனிதன் அவன்தான். பிரஸ்ஸை ஓட்டுமுன் விரல்முட்டியால் அதை மூன்று முறை தட்டுவான். வலது செருப்பின் வாரைச் செம்புக் கம்பியால் கட்டியிருந்தான். ஊரிலிருந்து அவன் தங்கை நாச்சியார் போனில் கத்திப் பேசுவாள். போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாது என்ற துணிவில் சிரிப்பான். ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இதை அன்பு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

புரட்டாசிக்குள் உரை முழுமை பெற்றுவிட்டது. கடைசி வரி மட்டும் பொருந்தவில்லை. அது இன்னும் உண்மையாகவில்லை.

அப்போது ஆயுதபூஜை வந்தது. பிரஸ்களுக்குப் பொட்டு வைக்கும் மரியாதையைத் தணிகாசலம் எனக்குத் தந்தார். பிரஸ்ஸின் முன்னால் மஞ்சள் நிறத்தில் இரண்டு தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் கண்ணாடிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுகிறது. ஆளோ கையோ குறுக்கே போனால் பிரஸ் தானாக நின்றுவிடும். எனக்கு அன்று அது தெரியாது. ஆறாம் பிரஸ்ஸில் மட்டும் பளபளவென்று இருந்த இடமாகப் பார்த்து, அந்தக் கண்ணாடியிலேயே பட்டையாகச் சந்தனமிட்டுக் குங்குமம் வைத்தேன். பிரஸ் ஓட மறுத்தது.

லைன் சூப்பர்வைசர் பிரவீன்குமார் ஓடி வந்தான். "இன்னா சார், கண்ணுலயே பூசிட்ட! மொதலாளி வந்துகினு கீறாரு, நல்ல நேரம் வேற போவுது." பொட்டை அழிக்க அவன் கை நீண்டது, பாதியில் நின்றது. சாமிக்கு வைத்த பொட்டை யார் அழிப்பது? பெட்டியில் இருந்த சாவியைத் திருப்பினான். அந்தச் சாவியைத் திருப்பினால் கண்ணாடி எதைப் பார்த்தாலும், பார்க்காவிட்டாலும் பிரஸ் ஓடும். தேங்காய் உடைத்தார்கள், பிரஸ் ஓடியது. தானாக உதிரட்டும் என்று பொட்டை விட்டுவிட்டார்கள். சாவியும் அப்படியே இருந்தது.

மறுவாரம் மாசானம் வந்தான். "சார், தகடு அப்பப்ப உள்ள மாட்டிக்கிடுது. குனிஞ்சு எடுக்கதுக்குப் பயமா இருக்கு. சாவியப் பழைய எடத்துக்குத் திருப்புங்கன்னு நான் சொன்னா, வேலைக்கு வணங்காதவம்பாவ. பாதுகாப்பு நாள் பேச்சுல ஒரு வரி போடுங்க சார். ஒங்க வரின்னா மொதலாளி நின்னு படிப்பாரு."

போடுகிறேன் என்றேன். போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். உரையின் ஓட்டத்தில் அது துருத்திக்கொண்டு நின்றது. பாதுகாப்பு நாளன்று இரண்டாம் வரிசையிலிருந்து அவன் என்னைப் பார்த்தான். கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள், "மறந்துட்டியளோ?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமைதோறும் முதல் ஷிப்டுக்கு முன் போய் அந்தப் பொட்டைப் புதுப்பித்துவந்தேன். பக்திமான் என்று காவலாளி எழுந்து நிற்பார். வைத்த பொட்டு காய்ந்து உதிர்ந்து கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

கார்த்திகையில் ஒரு வாரம் மழைக் காற்றில் பொட்டு சீக்கிரமே உதிர்ந்துவிட்டது. வியாழன் மாலை பேருந்து நிற்குமிடத்தில் மாசானம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "பொட்டு தானா விழுந்துட்டு சார்! கண்ணாடியத் தொடச்சாச்சு. நாளைக்குக் காலைல சாவியத் திருப்பிருதேன்னு பிரவீன் அண்ணன் சொல்லிட்டாவ. நாச்சியாருட்டகூடச் சொல்லிட்டேன்." அவன் கை சூடாக இருந்தது. யாராவது என் கையைப் பிடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறுநாள் வெள்ளி. வழக்கம்போல எழுந்தேன், பாடினேன், அரைத்தேன். வழக்கத்தைவிடக் கெட்டியாக அரைத்தேன். ஆறு மணிக்கு முன்பே இரண்டு தூண்களிலும் பட்டையாக இட்டுவிட்டு வெளியே வந்தேன். பிரவீன்குமார் சொன்ன சொல் தவறாதவன். வந்ததும் கண்ணாடி வேலை செய்யும் பக்கம் சாவியைத் திருப்பினான். சிவப்பு விளக்கு எரிந்தது, பிரஸ் ஓடவில்லை. வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. பொட்டைப் பார்த்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டான், சாவியைப் பழையபடி வைத்தான். "நாளைக்குப் பாத்துக்கலாம்ப்பா" என்று அவன் சொன்னதை வாசலில் நின்று கேட்டேன். மாசானம் மூன்று முறை தட்டியதும் கேட்டது.

பதினொன்றே காலுக்குத் தகடு மாட்டியது. அவன் குனிந்தான்.

பன்னிரண்டரைக்கு உரையைத் தணிகாசலத்தின் மேசையில் வைத்தேன். கடைசி வரி இப்போது சரியாகப் பொருந்தியிருந்தது. "இவ்ளோ சீக்கிரமாவா சார்?" என்றார். பிறகு படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். இரங்கல் கூட்டத்தில் அவர் அதை வாசித்தபோது கொட்டகையில் இருமல் சத்தம்கூட இல்லை. பத்தொன்பது ஆண்டுகள் நான் தேடிய மௌனம் அது. நாச்சியார் அவர் காலில் விழுந்தாள். "எங்கண்ணன அப்படியே கூட்டியாந்து நிறுத்திட்டியளே" என்றாள்.

நீங்கள் என்னை அழைக்கவில்லை, கணினியையும் எடுத்துக்கொண்டு நானாகத்தான் வந்தேன். பிரவீன்குமாரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த உரையும் தணிகாசலத்தின் பெயரில் அச்சாகி வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் தவறு. அந்தச் சாவும் என்னுடையது. அந்த உரையும் என்னுடையது. இரண்டையும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். ஒன்று உண்டு. கடைசி வரி முடிந்ததும், பழக்கத்தால் இரண்டாம் வரிசையின் இடது ஓரத்தைப் பார்த்தேன். அந்த உரையில் வேறு எவர் பெயரைப் போட்டாலும் நிற்காது, ஐயா. அதைப் பார்த்துத் தலையசைக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். அன்று பார்த்து அவன் வரவில்லை.