தின்னது நான் இல்ல

கையை எடுங்க தம்பி. என் கண்ணை விடுங்க மொதல்ல. ரத்தசோகை இருக்கான்னு பாக்கத்தான் இமையை இறக்குனீங்களா? சரி, மணிலாவுல அப்படித்தான் பாப்பாங்க போல. இந்தக் காப்பிஸ் மாகாணத்துல என் கண்ணுக்குள்ள எட்டிப் பாக்கறவங்க வேற ஒண்ணைத் தேடுவாங்க. அவங்க உருவம் உள்ள தலைகீழாத் தெரியுதான்னு பாப்பாங்க. தெரிஞ்சா நான் அஸ்வாங். என்னது, சினிமாவுல பாத்திருக்கீங்களா? ரொம்ப நல்லது. ராத்திரியானா பறந்து போயி, சீக்காளி வீட்டுக் கூரையில ஒக்காந்து, அவன் சளியை உறிஞ்சிக் குடிச்சு, ஈரலைத் தின்னு, ஆளையே உள்ளுக்குள்ள காலி பண்றவ. அவதான் நானு. ஒக்காருங்க, ஒக்காருங்க. பெஞ்சு கொஞ்சம் ஆடும், கடிக்காது.

ஒங்க ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுக்க மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? கொஞ்சம் பொறுங்கன்னுதானே சொன்னேன். உங்களைக் கூட்டிட்டு வந்தாளே மெர்லிந்தா, சுகாதார நிலையத்துக்காரி, அவ ஏன் உள்ள வரலன்னு கேட்டீங்களா? வண்டியைப் பாத்துக்கறாளாம். இந்தச் சேத்துல உங்க வண்டியை எவன் வந்து தூக்கப் போறான்? அவ பேன்ட் பையில பூண்டு இருக்கு தம்பி, அஸ்வாங் கிட்ட அண்டாம இருக்க. திரும்பிப் போறப்போ மோந்து பாருங்க. ஊருக்கெல்லாம் ஊசி போடறவ அவ.

சரி, நீங்க சொன்னதை நான் ஒரு தடவை திருப்பிச் சொல்றேன், தப்பா இருந்தா சொல்லுங்க. காசக் கிருமி நெஞ்சுக்குள்ள போகுது. ஒடம்புல காவக்காரச் செல்லு இருக்கு, அது ஓடி வந்து கிருமியைக் கபக்குன்னு முழுங்குது. முழுங்கத் தெரியுது, செரிக்கத் தெரியல. கிருமி அதுக்குள்ளயே குடித்தனம் பண்ணுது. ஒடனே இது கூப்பாடு போட, இன்னும் கூட்டம் கூட்டமா செல்லு வந்து சுத்தி நின்னு செவுரு கட்டுதுங்க. செவுத்துக்கு நடுவுல எல்லாம் செத்து அழுகிப் பாலாடைக்கட்டி மாதிரி ஆயி, ஒரு நாளு ஒடைஞ்சு, நுரையீரல்ல ஓட்டை. சரியா? அப்போ ஓட்டை போட்டது கிருமி மட்டும் இல்ல. சொந்தக் காவக்காரனே எதை அடிக்கறோம்னு தெரியாம அடிச்சு வீட்டை இடிச்சுப்புட்டான். அப்படித்தானே? தலையை ஆட்டாதீங்க தம்பி, வாயத் தொறந்து சொல்லுங்க. ஆங்.

அப்போ என் புருஷன் தியோடுலோ நெஞ்சைத் தின்னது தியோடுலோ ஒடம்பு. பொண்டாட்டி இல்ல.

இதை ஏன்யா அன்னைக்கு ஒருத்தரும் சொல்லல? நீங்க அப்போ பள்ளிக்கூடத்துல இருந்திருப்பீங்க, அது எனக்குத் தெரியும். உங்களைக் கேக்கல. ஒங்க கூட்டத்தைக் கேக்கறேன். வெள்ளைக் கோட்டு போட்டு எத்தனை பேரு வந்தாங்க! என் மாமியாருக்குத்தான் மொதல்ல வந்துச்சு. அது குச்சி மாதிரி ஆச்சு, நான் இப்படியேதான் இருந்தேன். பாக்கறீங்கல்ல, நான் எளைச்சவ இல்ல. சிப்பி பொறுக்கறவ, சேத்துல நாளெல்லாம் குனிஞ்சு நிமுர்றேன், நல்லாப் பசிக்கும், நல்லாத் திம்பேன். இருமற வீட்டுல ஒருத்தி மட்டும் கொழுகொழுன்னு இருந்தா ஊரு சும்மா இருக்குமா?

அப்புறம் என் புருஷனுக்கு இருமல் ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். அவன் அக்கா பெலென் எண்ணெய் தடவிப் பாக்கற வைத்தியன்கிட்ட இழுத்துட்டுப் போனா. அவன் கிண்ணத்துல எண்ணெயைப் பாத்துட்டு, வீட்டுக்குள்ள இருந்தே யாரோ திங்கறாங்கன்னுட்டான். வீட்டுக்குள்ள வேற யாரு இருக்கா? கைப்புள்ளையும் நானும். புள்ளையா தின்னுச்சு?

இருங்க, இன்னும் இருக்கு. ஆஸ்பத்திரியில சளி டப்பா குடுத்தாங்க. காலையில எந்திரிச்சதும் வர்ற மொதச் சளியைப் புடிச்சு ஒடனே கொண்டு வரணும்னாங்க. யாரு சொன்னா? ஒங்க ஆளுங்கதான் சொன்னாங்க! நான் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, அவனை நிமுத்தி ஒக்கார வெச்சு, முதுகைத் தட்டித் துப்ப வெச்சு, டப்பாவைத் துணியில சுத்தி மார்போட அணைச்சுட்டு இருட்டுல நடந்தேன். மொத ஜீப்னி வண்டியைப் புடிக்கணுமில்ல? பெலென் அவ வீட்டு ஜன்னல்ல நின்னு பாத்துட்டா. இந்த ஊர்ல இருட்டுல சீக்காளி சளியைத் தூக்கிட்டுப் போற பொம்பளை யாரு? சொல்லுங்க, நீங்கதான் சினிமா பாத்திருக்கீங்களே.

அன்னையில இருந்து என் கையால ஒருத்தரும் சிப்பி வாங்கல. எதிர்த்த வீட்டு ஜன்னல்ல திருக்கை மீன் வாலைக் கட்டித் தொங்க விட்டாங்க, நான் பறந்து வந்தா அடிக்கறதுக்கு. கோயில்ல நான் போயி ஒக்காந்தா பெஞ்சே காலி. பாதிரியாரும் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. அவருக்கும் ஈரல் இருக்கில்ல.

சிரிக்காதீங்க! நான் சிரிக்கலாம், நீங்க சிரிக்கக் கூடாது.

தியோடுலோவா? அவன் நல்லவன் தம்பி. என் பொண்டாட்டியைச் சொன்னா பல்லைப் பேத்துருவேன்னு இருமிக்கிட்டே அக்காகாரியோட சண்டை போட்டவன். ஆனா கடைசியில, காய்ச்சல் கொதிக்கறப்போ, கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தேன், என் தாடையைப் புடிச்சுக் கிட்ட இழுத்து ரெண்டு கண்ணுக்குள்ளயும் உத்துப் பாத்தான். உள்ள நீ தலைகீழாவா இருக்கேன்னு கேட்டேன். இல்ல, நேராத்தான் இருக்கேன்னு சொல்லிச் சிரிச்சான். சிரிச்சான், சரி. ஆனா பாத்தானில்ல? அதை நான் இன்னும் மன்னிக்கல. செத்தவன் மேல கோவப்படக் கூடாதுங்கறாங்க. நான் படறேன்.

அதுக்கப்புறமும் ஒங்க ஆளுங்க வந்தாங்க. கிருமி ஒடம்புல இருக்கான்னு தெரியக் கையில ஊசி போட்டு, ரெண்டு நாளு கழிச்சு வீங்கியிருக்கான்னு பாக்க வந்தாங்க. எல்லாருக்கும் தடிச்சு வீங்குச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல, போட்ட எடமே தெரியல. மறுபடி போட்டாங்க, அப்பவும் இல்ல. அந்த நர்ஸம்மா தெருவுல நின்னு சத்தமாச் சொல்றா, அடேயப்பா, இவளுக்கு ஊசியே ஏறல! போதுமா? ஊருக்கு வேற சாட்சி வேணுமா?

இப்ப நீங்க வந்து அதையே அதிசயங்கறீங்க. இத்தனை வருசம் அந்த மூச்சையே சுவாசிச்சும் கிருமி என்கிட்ட ஒட்டலையாம். என் செல்லு வாசல்லயே அதை முடிச்சுருதோ என்னவோ, எப்படின்னு ஒங்களுக்கே தெரியல, அதுக்குத்தான் ரத்தம் வேணும். கோபுரம் கோபுரமா மெஷின் இருக்கு, அதுல என் செல்லையும் கிருமியையும் ஒண்ணா விட்டு வேடிக்கை பாப்பீங்க. நாளைக்கு ஊரு ஒலகத்துக்கெல்லாம் பிரயோசனப்படும். படட்டும், நான் வேண்டாங்கல. ஆனா எனக்கு இருந்ததுல பாதியாவது அவனுக்குக் குடுக்க முடிஞ்சிருந்தா? அது எப்படி முடியும்ங்கறீங்க. முடியாதுன்னு தெரியும், கேக்கக் கூடாதா?

என்னை நம்ப வெக்க இவ்வளவு மூச்சு புடிச்சுப் பேச வேண்டாம் தம்பி. நான் பறக்கலன்னு எனக்குத் தெரியும். நீங்க பேச வேண்டிய எடம் வேற.

பெரிய வீடு ஒண்ணும் இல்ல. கோயிலுக்குப் பின்னாடி, நீலத் தார்ப்பாய் போட்ட கூரை. பெலென் வீடுதான். என் மக கிரிஸெல் அங்கதான் இருக்கா. ஆமா, அந்தக் கைப்புள்ளைதான், இப்போ வளந்து கடையில வேலை பாத்துக்கிட்டிருந்தா. மழைக்காலம் தொடங்கினப்போ இருமல் வந்துச்சு, அத்தை வீட்டுக்குப் போயிட்டா. சளியில கிருமி இருக்குன்னு மெர்லிந்தாவே சொன்னா. மாத்திரையை வீட்டு ஆளுங்க கையாலதான் நாளும் குடுக்கணுமாம், அம்மாங்கறதால என் பேரை எழுதிட்டா. நானும் எடுத்துட்டுப் போறேன். ஜன்னலுக்கு வெளிய நிப்பேன், கதவு தொறக்காது. நேத்து நான் நீட்டுன மாத்திரையைக் கிரிஸெல் வாங்கிப் பன்னிப் பட்டியில விட்டெறிஞ்சா. என் கண்ணைப் பாக்க மாட்டேங்கறா தம்பி, தலையைக் குனிஞ்சுக்கறா. அவ அப்பனாவது பாத்தான்.

மாத்திரை இந்தாங்க, இந்த டப்பாவுல இருக்கு. ஒங்க கையால குடுத்தா முழுங்குவா, நீங்க மணிலாக்காரர். அந்தக் காவக்காரன் கதையை அவளுக்குச் சொல்லுங்க, எனக்குச் சொன்னதை விட மெதுவாச் சொல்லுங்க, அவ பயந்தவ.

ரத்தமா? எடுத்துக்கோங்க, எவ்வளவு வேணுமோ அவ்வளவு. இங்க வேண்டாம். அந்த ஜன்னலுக்கு முன்னாடி என்னை நிறுத்தி வெச்சு எடுங்க. எனக்கும் செவப்பாத்தான் வருதுன்னு அவ பாக்கட்டும்.