மர்ட்டி வீட்டு விருந்தாளி

நோனி: பச்சைக் கார். மலை வளைவுல திரும்பிடுச்சு. டேய் ஃபின்பார், அந்த டையை ஒழுங்கா இழுத்துக் கட்டு, தூக்கு மாட்டினவன் மாதிரி நிக்காதே!

ஃபின்பார்: அக்கா, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. கேட்டுக்குப் போய், “நீ தேடி வந்த வீடு இது இல்லம்மா, வேலிக்கு அந்தப் பக்கம்”னு ஒரு வார்த்தை...

நோனி: போ. போய்ச் சொல்லு. அப்படியே அவகூடப் போய் மர்ட்டி வீட்லயே சாப்பிட்டுட்டு வா.

ஃபின்பார்: அவன் வாசப்படியை நான் மிதிச்சு எத்தனை வருஷமாச்சு, உனக்குத் தெரியாதா?

நோனி: அப்போ வாயை மூடிக்கிட்டு டையைக் கட்டு.

ஃபின்பார்: இது திருட்டு, அக்கா.

நோனி: எதுடா திருட்டு? இந்த மலையில பாதிப் பேர் ஹாரிங்டன். அவ அமெரிக்காலேர்ந்து கடைக்கு போன் போட்டு, “மைக்கேல் ஹாரிங்டனோட சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா”ன்னு கேட்டா. அந்த நேரம் கடைல வெண்ணெய் வாங்கிட்டு நின்ன ஹாரிங்டன் நான். போனை வாங்கி “நாங்கதான்”னேன். அவ்ளோதான்.

ஃபின்பார்: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறே. மைக்கேல்னு சொன்னதுமே உனக்குத் தெரியும். இங்க செம்புச் சுரங்கம் மூடினப்புறம் அமெரிக்கால மொன்டானாவுக்குப் போன மைக்கேல், சிவத்தான் வகையறா. மர்ட்டியோட தாத்தாவுக்கு அண்ணன். நாம கொல்லன் வகையறா. பேரு ஒண்ணுதானே தவிர, அவங்களுக்கும் நமக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

நோனி: அமெரிக்காக்காரிக்கு வகையறாவெல்லாம் தெரியாது. பேருக்குப் பின்னால என்ன ஒட்டிக்கிட்டிருக்கோ அதுதான் அவங்களுக்குக் குடும்பம்.

ஃபின்பார்: மர்ட்டிக்குத் தெரிஞ்சா?

நோனி: யார் சொல்லுவா? நீ சொல்லுவியா? சர்ச் பூசையில எல்லாரும் சமாதானம்னு கை குடுக்கற நேரம் பாத்து நீ குனிஞ்சு ஷூ கயிறு கட்டறவன்.

ஃபின்பார்: அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டற சதுப்புக்குப் போற பாதைல வேலி போட்டவனோட எனக்கென்ன சமாதானம்?

நோனி: பாத்தியா, கோவம் மட்டும் நல்லா வருது. அவன் வீட்டுக்குக் கோடை வந்தா போதும், பாஸ்டன்லேர்ந்து ஒருத்தன், சிட்னிலேர்ந்து ஒருத்தி, வாசல்ல நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. நம்ம வீட்டுக்கு யாருடா வர்றா? மீட்டர் பாக்கறவன் வந்துட்டிருந்தான். இப்போ அவனும் வர்றதில்ல. ஆபீஸ்ல இருந்தே பாத்துக்கறானாம்.

ஃபின்பார்: அதுக்காக...

நோனி: ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம். ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு சொந்தக்காரிக்கு டீ குடுக்கக் கூடாதா? இன்னிக்கு ஒரு நாள்டா. நாளைக்கு அவ ப்ளேன் ஏறிடுவா.

ஃபின்பார்: கார் நின்னுடுச்சு.

நோனி: ஐயோ, வந்துட்டா! என் முடி சரியா இருக்கா? சொல்லு சொல்லு, மைக்கேல் நமக்கு யாரு?

ஃபின்பார்: தாத்தாவோட தம்பி.

நோனி: அண்ணன்டா! சொதப்பித் தொலைக்காதே. கதவைத் தொற!

லொரேட்டா: நோனி பெரியம்மா? நான் லொரேட்டா! அப்படிக் கூப்பிடலாம்ல? அம்மாவும் நீங்களும் ஒரே தலைமுறைன்னு போன்ல சொன்னீங்களே...

நோனி: கூப்பிடலாமாவா? வாடி என் கண்ணு, வா! காத்து ஆளையே தூக்குது, உள்ள வா. டேய், இவ நெத்தியைப் பாரு. அப்படியே நம்ம அப்பா நெத்தி!

ஃபின்பார்: அப்பாவுக்கு வழுக்கை.

நோனி: வழுக்கை விழறதுக்கு முன்னால இருந்த நெத்தி.

லொரேட்டா: நீங்கதான் ஃபின்பார் மாமாவா?

ஃபின்பார்: மாமா... ஆங், ஆமா. நான்தான். உக்காரும்மா.

லொரேட்டா: நம்பவே முடியல எனக்கு! கல்லறைத் தோட்டத்துல, கடைப் பலகைல, எங்க பாத்தாலும் ஹாரிங்டன், ஹாரிங்டன்! எங்க ஊர்ல இந்தப் பேரு எனக்கு மட்டும்தான்.

நோனி: டீ?

லொரேட்டா: வேண்டாம் பெரியம்மா, வழியிலதான்...

நோனி: ஒரு சொட்டு.

லொரேட்டா: நெஜமாவே வேண்டாம்.

நோனி: கோப்பை நனையற அளவுக்கு.

லொரேட்டா: சரி... கொஞ்சமா.

நோனி: அப்படிச் சொல்லு! டீயை வெறுமனே குடிக்கக் கூடாது, சோடா ரொட்டி இருக்கு. ரொட்டியை வெறுமனே தின்னக் கூடாது, அவிச்ச பன்னிக்கறி இருக்கு. ஆப்பிள் கேக் அப்புறம்.

ஃபின்பார்: சண்டை போடாதேம்மா. போன மாசம் பாதிரியார் வேண்டாம்னு சொல்லிப் பாத்தார். இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திக்கிட்டுத்தான் எழுந்திரிச்சார்.

லொரேட்டா: மைக்கேல் கொள்ளுத்தாத்தாவைப் பத்திச் சொல்லுங்களேன். அம்மா அவரைச் ‘சிவப்பு மைக்கேல்’னுதான் சொல்லுவா. முடி சிவப்பா?

நோனி: முடியா? சேச்சே, முடி இல்ல. மூஞ்சி. கோவம் வந்தா மூஞ்சி குப்புன்னு செவந்துடுமாம்.

லொரேட்டா: அவ்ளோ கோவக்காரரா?

நோனி: தங்கமான மனுஷன்! ஆனா கோவக்காரர். தினமும் இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும்.

ஃபின்பார்: அக்கா, கேக் கருகற வாசனை வருது.

நோனி: கேக் காலைலயே சுட்டாச்சு, நீ பேசாம இரு. பாட்டு வேற பாடுவாராம். அவர் கப்பலேறப் போற அன்னிக்கு இந்த அடுப்படியிலதான் ஊரே கூடி ஆடுச்சாம். இழவு வீட்ல உக்காந்திருக்கற மாதிரி விடிய விடிய. போறவன் திரும்ப மாட்டான்ல, எங்களுக்கு அது சாவு மாதிரிதான்.

லொரேட்டா: இதே அடுப்படியா?

நோனி: இதே இடம். நீ கால் வெச்சிருக்கற இடம்.

ஃபின்பார்: சிமென்ட் போட்டது நான்...

நோனி: சிமென்ட்டுக்கு அடியில!

லொரேட்டா: நீங்க யாராவது அந்த எச்சில் சோதனை பண்ணிப் பாத்திருக்கீங்களா பெரியம்மா? ஒரு குழாய்ல துப்பி அனுப்பினா, யார் யாருக்கு யார் சொந்தம்னு பேரோட வருமே...

நோனி: துப்பறதா! எங்க வீட்ல அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் கிடையாது.

ஃபின்பார்: எனக்குப் பொரையேறுது, தண்ணி...

நோனி: இவனுக்குத் தொண்டையே சரியில்ல, பாவம்.

லொரேட்டா: பரவால்ல, சும்மாதான் கேட்டேன். மெதுவாக் குடிங்க மாமா.

ஃபின்பார்: அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா.

லொரேட்டா: அம்மா போன குளிர்காலத்துல போயிட்டா மாமா.

ஃபின்பார்: அடடா... கடவுளே. எங்களுக்குத் தெரியாதும்மா.

லொரேட்டா: ஆயுசு பூரா இங்க வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான்தான் அடுத்த கோடை, அடுத்த கோடைன்னு... அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, கூடம் நெறைய ஆளுங்க. அவ்ளோ நல்லவங்க. ஆனா ஒருத்தர்கூட எனக்குச் சொந்தமில்ல. கூடப் பொறந்தவங்களும் கிடையாது. சட்டுனு ஒரு பயம் வந்துடுச்சு மாமா. அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன், உலகத்துல எந்த மூலைல இருந்தாலும் என் ஆளுங்களைக் கண்டுபிடிச்சே தீருவேன்னு.

நோனி: இன்னொரு துண்டு சாப்பிடு கண்ணு.

ஃபின்பார்: அக்கா, கொஞ்சம் அந்த ரூமுக்கு வர்றியா?

நோனி: எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லு.

ஃபின்பார்: இங்க சொல்ற விஷயம் இல்ல.

நோனி: அப்போ எங்கேயும் சொல்லாதே.

லொரேட்டா: ஒண்ணு கேக்கலாமா? அவர் பொறந்த வீடு... அது இன்னும் நிக்குதா?

ஃபின்பார்: நிக்குதும்மா. கூரைதான் இல்ல. வேலிக்கு அந்தப்...

நோனி: வேலிக்கு இந்தப் பக்கம்! பின்னாடியே இருக்கு, வா காட்டறேன். பாத்து வா, சேறு. டேய், என்ன மொறைக்கறே, குடையை எடுத்துட்டு வா!

ஃபின்பார்: அக்கா... பின்னாடி என்ன இருக்கு நமக்கு?

நோனி: வாடான்னா.

லொரேட்டா: மழைல மலை எப்படி மின்னுது! எங்க பெரியம்மா, எது?

நோனி: இதோ. இதுதான்.

லொரேட்டா: இதுவா?

நோனி: அப்போ கூரை வைக்கோல். தகரம் இப்போ போட்டது.

லொரேட்டா: இதுக்குள்ள எத்தனை பேர் இருந்தாங்க?

நோனி: பதினோரு பேர். நெருக்கியடிச்சுத்தான் படுப்பாங்களாம்.

லொரேட்டா: சுவர்ல இரும்பு வளையம் இருக்கே, எதுக்கு?

நோனி: அதுவா? அது... குழந்தை ஓடிடாம இருக்க.

ஃபின்பார்: மாதாவே.

லொரேட்டா: இந்தக் கல்லைத் தொடலாமா?

நோனி: கேக்கணுமா? உன் வீடு கண்ணு.

ஃபின்பார்: அக்கா, அவ அழறா.

நோனி: அழட்டும். நல்ல அழுகைதான்.

ஃபின்பார்: நம்ம மாட்டுக்கொட்டகையைப் புடிச்சுக்கிட்டு அழறா, அக்கா!

நோனி: ஃபின்பார்!

ஃபின்பார்: இல்ல, என்னால முடியாது. தாயைப் பறிகொடுத்துட்டு வந்திருக்கற பொண்ணு. லொரேட்டா, கேளும்மா. இது எங்க மாட்டுக்கொட்டகை. இதுல எந்த மைக்கேலும் பொறக்கல, கன்னுக்குட்டிங்கதான் பொறந்துச்சு. நாங்க வேற ஹாரிங்டன். கொல்லன் வகையறா. உங்க கொள்ளுத்தாத்தா சிவத்தான் வகையறா. முடிதான் சிவப்பு. மூஞ்சி இல்ல, கோவமும் இல்ல. உன் ரத்தம் அதோ, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கான், மர்ட்டின்னு. உன்னை அவன்கிட்டேர்ந்து நாங்க திருடிட்டோம்.

நோனி: அவன் இல்ல. நான். நான்தான் திருடினேன். இவன் மொதல்லேர்ந்தே வேண்டாம்னுதான் சொன்னான்.

ஃபின்பார்: டையைக் கட்டிக்கிட்டு நின்னேன்ல? நானும்தான்.

நோனி: எங்க வீட்லேர்ந்தும் கப்பலேறிப் போனாங்க கண்ணு. அப்பாவோட ரெண்டு அண்ணன், ஒரு அத்தை. ஒருத்தரும் ஒரு வரி எழுதல. அவங்க வழியில யாராவது ஒரு நாள் இந்தச் சந்துல வந்து நிப்பாங்கன்னு அம்மா சாகற வரைக்கும் பாத்தா. அப்புறம் நான் பாத்தேன். அந்த போன்ல உன் குரல் “ஹாரிங்டன்”னு சொன்னதும்... வாய் தானா சொல்லிடுச்சு. தப்புதான். என்னைத் திட்டு.

ஃபின்பார்: அழாதே அக்கா. லொரேட்டா, நீ வா. இருட்டறதுக்குள்ள நானே உன்னை மர்ட்டி வீட்ல கொண்டு போய் விடறேன்.

நோனி: நீயா? அவன் வாசல்லயா?

ஃபின்பார்: ஆமா. கதவைத் தட்டி, “உன் சொந்தக்காரிடா”ன்னு கையைப் புடிச்சுக் குடுத்துட்டு வர்றேன். அவன் சிரிச்சா சிரிச்சுக்கட்டும். ஏம்மா, எதுக்கு நீ சிரிக்கறே?

லொரேட்டா: மாமா, மாட்டுக்கொட்டகைன்னு வாசனையே சொல்லிடுச்சு. எனக்கு ஒரு குடும்பம் குடுக்கணும்னு நீங்க ரெண்டு பேரும் படற பாட்டைப் பாத்தேன். அம்மா பக்கத்துல இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாளேன்னு தோணுச்சு, அழுகை வந்துடுச்சு.

நோனி: அப்போ... உனக்கு முன்னாடியே தெரியுமா?

லொரேட்டா: கெளம்பறதுக்கு முன்னாடியே தெரியும் பெரியம்மா. உங்ககிட்ட போன் பேசினப்புறம்தான் எச்சில் சோதனை முடிவு வந்துச்சு, அதுல மொதப் பேரே மர்ட்டி மாமாதான். அவர் பொண்ணு அவரை வலுக்கட்டாயமாத் துப்ப வெச்சாளாம். நேத்து மத்தியானம் அவர் வீட்லதான் சாப்பிட்டேன், இடிஞ்ச வீட்டையும் காட்டினார்.

ஃபின்பார்: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கும்மா இங்க வந்தே?

லொரேட்டா: போன்ல பேசினது நீங்கதான்னு கடைக்காரம்மா அவர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டாங்களாம். நேத்துச் சாப்பிடறப்போ என்கிட்ட சொன்னார்: “என் வீட்ல பேரன் பேத்தின்னு கால் வைக்க இடமில்ல. அங்க அந்த ரெண்டு பேருக்கும் ஒருத்தரும் இல்ல. ரத்தம் என்னோடதா இருந்துட்டுப் போகட்டும், பொண்ணை அவங்க வெச்சுக்கட்டும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே.”